மருந்திடாப் பாத்தி

புகையிலையின் இளந்தளிர்களிலும் இலைகளின் அடிப்புறத்திலும் கூட்டங்கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் அசுவினியைப் பற்றி நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது கழிக்கும் தேன் போன்ற நீர்மத்தின்மேல் கரும்பூசணம் படர்கிறது. அவ்விலை பதப்படுத்திய பின் நல்ல விலை பெறுவதில்லை. ஆகவேதான், 1947-இல் ராஜமுந்திரியில் நிறுவப்பெற்ற மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்திலும் பிறவிடங்களிலும் பூச்சிமருந்துகளைத் தெளித்துப் பார்க்கும் சோதனைகள் நடந்து வந்துள்ளன.

இத்தகைய அறிக்கைகளை மொழிபெயர்ப்பவன் என்னும் முறையில் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். ஆங்கிலத்தில் 'கண்ட்ரோல்' என்னும் ஒரே சொல் பூச்சியை அடக்குதலையும் குறிக்கும். ஒப்பிடுவதற்காக மருந்து தெளிக்காது விட்ட பாத்தியையும் குறிக்கும். நான் ஒருமுறை இரண்டையும் 'கட்டுப்பாடு' என்றே எழுதிவிட்டேன். "கட்டுப்படுத்திய பாத்தியில் அசுவினி பெருகியது எங்ஙனம்?" என்று களப்பணியாளர் ஒருவர் வினவிய பின்னரே தவறு விளங்கிற்று. இனி அதனை 'மருந்திடாப் பாத்தி' என்றே வழங்குவோமாக.

சொல்லைத் திருத்தினால் மட்டும் போதாது. அப்பாத்தியே சோதனையின் உயிர்நிலை. மழையால் அசுவினி கழுவப்படும். பொறிவண்டுகள் அதனைத் தின்னும். ஒப்பிட ஒரு பாத்தி இல்லையேல் இவற்றின் பெருமையும் மருந்துக்கே சேர்ந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு: மருந்திட்ட பாத்தியில் 100-க்கு 60-உம், மருந்திடாததில் 100-க்கு 20-உம் மடிந்தன எனக் கொள்வோம். மருந்தின் பயன் 60 விழுக்காடு அன்று. பிழைத்திருக்கக்கூடிய 80-இல் 40, அதாவது 50 விழுக்காடே. 1925-இல் அமெரிக்க அறிஞர் ஆபட் வெளியிட்ட கணக்கு முறை இதுவேயாகும்.

சில வரிசைகளை மருந்தின்றி விடுவது நட்டமன்றோ என்பர் உழவர். பயனற்ற மருந்தை ஆண்டுதோறும் வயல் முழுதும் தெளிப்பது அதனினும் பெருநட்டம் அன்றோ? மேலும், அசுவினி பல மருந்துகளைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டது. பொறிவண்டுகளைக் கொல்லும் மருந்தோ, சின்னாளில் அசுவினி மீண்டும் பெருகவே வழிசெய்யும். ஆதலின், ஒருமுறை கண்ட முடிவு என்றைக்கும் செல்லும் எனக் கருதுதல் தகாது. தெளித்த மறுநாள் எண்ணியதோடு நில்லாது, பன்னாட்கள் எண்ணுதலும் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளித் தோட்டத்து அவரைச் செடியிலேயே மாணவர்க்குக் காட்டலாம். நஞ்சு எதுவும் வேண்டா. ஒரு பாத்தியில் சோப்புக் கரைசல், மற்றொன்றில் வெறும் நீர், மூன்றாவதில் ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் மாணவரே எண்ணட்டும். ஒப்பிட்டுப் பாராமல் எதனையும் நம்பலாகாது என்னும் அறிவு அவர்களுக்கு அங்கேயே முளைவிடும்.