ஃபேன் தள்ளாடுது... செல் சார்ஜ் ஏறுது!

லோ வோல்டேஜ்ல புதூர் டீக்கடை ஃபேன் தள்ளாடும்போதும் உங்க செல் மட்டும் ஜம்முனு சார்ஜ் ஏறும். எப்படி பாஸ்? சார்ஜர் மேல '100-240 வோல்ட்'னு பொடி எழுத்துல இருக்கும், பாருங்க. உள்ளே வர்ற 230 வோல்ட் ஏ.சி.யை அது முதல்ல சுமார் 325 வோல்ட் டி.சி.யா மாத்துது. அப்புறம் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன்-ஆஃப் பண்ணி, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியா 5 வோல்ட்டா இறக்குது. வோல்டேஜ் குறைஞ்சா 'ஆன்' நேரத்தைக் கூட்டிக்கும். அவ்ளோதான்!

மேட்டரே அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்லதான். 325 வோல்ட்டுக்கும் உங்க காதுக்கும் நடுவுல நிக்கிற முக்கியமான தடுப்பு, அதோட இன்சுலேஷன். மட்டமான சார்ஜர்ல காசை மிச்சம் பிடிக்கிறதும் அங்கேதான். சார்ஜ்ல போட்டபடியே விடிய விடிய கடலை போடுற மக்கா, வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்'னு ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கானு பாருங்க. எண் நிஜமானதுதானானு 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்ல தட்டினா அங்கேயே தெரிஞ்சிடும்.