இருவரும் ஏறட்டும், ஒருவர் பின் ஒருவராக



குழந்தை பிறந்த வீட்டில் கணவனும் மனைவியும் உறக்கத்தை இழக்கின்றனர், ஓய்வை இழக்கின்றனர். இவை ஊரறிந்த இழப்புகள். சில ஆண்டுகளில் திரும்ப வந்து சேர்பவை. ஆனால் ஓசையின்றி நழுவிப்போகும் இன்னொன்றும் உண்டு. திருமணமான புதிதில் இருவரும் சேர்ந்து சிரித்து மகிழ்ந்த வழக்கம், "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்ற ஒரு சொல்லில் பரண்மேல் ஏற்றி வைக்கப்படுகிறது. பரண்மேல் ஏறிய பொருள் எளிதில் கீழே இறங்குவதில்லை என்பது இல்லறத்தார் அனைவரும் அறிந்ததே.

இவ்வுண்மை வெட்டவெளிச்சமாகும் இடம் கேளிக்கைப் பூங்கா. விடுமுறைக்கு மக்கள் கூடும் அத்தகைய பூங்கா ஒன்றில் சிறிது நேரம் நின்று கவனித்தால் மூவகைக் குடும்பங்களைக் காணலாம். பெரியவர்களின் ஆசைக்காக, வெயிலிலும் இரைச்சலிலும் அழும் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு ஓடும் குடும்பம் ஒன்று. குழந்தைக்காகவே வந்தோம் என்று, தங்கள் விருப்பம் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் நாளைக் கழிக்கும் குடும்பம் மற்றொன்று. மூன்றாவது குடும்பத்தில் தந்தையும் மூத்த பிள்ளைகளும் எல்லாச் சவாரிகளிலும் ஏறி இறங்குவர். தாயோ கைக்குழந்தை, பால் புட்டி, பைகள், செருப்புகள் ஆகிய அனைத்தையும் காத்துக்கொண்டு நாள் முழுவதும் ஒரு பெஞ்சில் அமர்ந்திருப்பாள். "உனக்குத்தான் இதிலெல்லாம் விருப்பம் இல்லையே" என்று வீட்டார் சொல்வர். அவளும் ஆம் என்பாள். உண்மையில் அவளிடம் யாரும் கேட்டதே இல்லை.

பெஞ்சில் அமர்ந்திருக்கும் பெற்றோரின் கதையிலிருந்துதான் இன்றைய கேளிக்கைப் பூங்காவே பிறந்தது என்றால் வியப்பாயிருக்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிஃபித் பூங்கா என்றொரு பூங்கா இருக்கிறது. 1926-இல் செய்யப்பட்ட குடை ராட்டினம் ஒன்று 1937 முதல் அங்கே சுழன்று வந்தது. கார்ட்டூன் படங்களால் உலகப் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி தம் இரு புதல்வியரையும் சனிக்கிழமைகளில் அங்கு அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளைகள் மரக்குதிரைமேல் சுற்றுவர். தந்தை பெஞ்சில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழத்தக்க ஓரிடம் ஏன் இருக்கலாகாது என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் தமக்குத் தோன்றியதாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து அவ்வெண்ணத்தின் விளைவே.

ஆயினும் அப்பூங்கா வளர வளர ஒரு சிக்கலும் உடன் வளர்ந்தது. 1959-இல் அங்கே மேட்டர்ஹார்ன் என்னும் செயற்கை மலையும், அதனுள் பாய்ந்தோடும் ரோலர் கோஸ்டரும் எழுந்தன. உருக்குக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர் அதுவே. இத்தகைய விரைவுச் சவாரிகளில் சிறு குழந்தைகளை ஏற்ற இயலாது. ஆகவே, பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்திருக்க எழுந்த இடத்திலேயே, "இந்த உயரத்துக்குக் குறைந்தவர்க்கு அனுமதி இல்லை" என்ற அளவுகோல் வாசலில் நிற்கலாயிற்று.

இவ்வளவுகோலைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோர் பலர். "ஓர் அங்குலந்தானே!" என்று காவலரிடம் வாதாடுவோரும், பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்வோரும் உண்டு. இது பெருந்தவறு. சவாரி வண்டியில் மடியின்மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் தண்டு, குறிப்பிட்ட அளவு உடலுக்கு ஏற்பச் செய்யப்பட்டது. ஒரே தண்டின்கீழ் இருவர் அமர்ந்தால், பருத்தவரின் தொடையில் பட்டவுடன் அது நின்றுவிடும். அருகிலுள்ள சிறு பிள்ளையின்மேல் இடைவெளி விழும். மேலும் சிறு குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது. கழுத்துத் தசையோ வலுவற்றது. வண்டி திடீரெனத் திரும்பும்போது பெரியவர் தம்மைத் தாமே இறுக்கிக்கொள்வர். குழந்தைக்கு அது தெரியாது. எனவே அவ்வளவுகோல் நம் பிள்ளையைக் காக்க நிற்கும் நண்பன் என்று கொள்வதே அறிவுடைமை.

இனிக் கணக்கைப் பாருங்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுக் குழந்தையின் இடைநிலை உயரம் 86 முதல் 88 சென்டிமீட்டர் வரை. மூன்று வயதில் அது 95, 96 ஆகிறது. ஐந்து வயதில் 110-ஐ நெருங்குகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1971-இல் திறக்கப்பட்ட டிஸ்னி உலகில், குள்ளர் எழுவரின் சுரங்க ரயிலில் ஏற 97 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இருளில் பாயும் ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 112 சென்டிமீட்டர் வேண்டும். ஆக, நடை பழகும் குழந்தைக்கு இவ்வாசல்கள் மூடியே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகத் தாமே திறக்கும். பொறுத்திருப்பது ஒன்றே நம் வேலை.

அதுவரை பெற்றோர் என் செய்வது? இதற்கு அப்பூங்காக்களே ஒரு நல்ல வழியை வகுத்துள்ளன. டிஸ்னி பூங்காக்களில் அதற்கு ரைடர் சுவிட்ச் என்று பெயர். குடும்பத்தினர் அனைவரும் சவாரியின் வாசலுக்குச் சென்று, ஏற இயலாத குழந்தையைக் காட்டி, தங்கள் விருப்பத்தைப் பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும். ஒருவர் வரிசையில் நின்று சவாரி செய்துவர, மற்றவர் குழந்தையுடன் வெளியில் இருப்பார். முதல்வர் திரும்பியதும் குழந்தை கைமாறும். இரண்டாமவர் மறுபடியும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. குறுகிய வரிசை வழியாக உள்ளே விடப்படுவார். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. யுனிவர்சல் நிறுவனத்தின் பூங்காக்களில் இதுவே சைல்டு சுவாப் எனப்படும். அங்கே குடும்பம் முழுவதும் சேர்ந்தே வரிசையில் சென்று, வண்டி ஏறும் இடத்துக்கு அருகிலுள்ள அறையில் குழந்தையை மாற்றிக்கொள்ளும். இவ்வேற்பாட்டை அறியாமலே ஊர் திரும்பும் குடும்பங்கள் பல. ஆகவே எந்தப் பூங்காவுக்குச் சென்றாலும், நுழைந்தவுடன் இவ்வசதி உண்டா என்று கேட்டறிவது நலம். இல்லையெனில், வரிசை குறைந்த காலைப் பொழுதில் ஒருவர் பின் ஒருவராகச் சென்று வரலாம். சட்டம் இல்லாத இடத்தில் அன்பு சட்டம் செய்துகொள்ளும்.

இந்த ஏற்பாட்டின் உட்பொருளைச் சற்றே எண்ணிப்பாருங்கள். கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் அருகருகே அமர முடியவில்லை. ஆனாலும் இருவரும் அதே மலையில் ஏறி, அதே பள்ளத்தில் பாய்ந்து, அதே இடத்தில் அலறியிருக்கின்றனர். இறங்கி வந்தவர் ஏறப்போகிறவரிடம், "இரண்டாம் திருப்பத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்" என்று சொல்லும்போது அங்கே ஒரு கூட்டு மகிழ்ச்சி பிறக்கிறது. பெஞ்சில் ஒருவரே நாள் முழுவதும் அமர்ந்திருந்தால் அது பிறக்க வழியில்லை. சேர்ந்து மகிழ்வது என்றால் எப்போதும் ஒரே நேரத்தில் மகிழ்வது என்று பொருளன்று. ஒருவர் மகிழ மற்றவர் இடங்கொடுத்து, பின் அந்த இடத்தைத் தாமும் பெறுவதும் அதில் அடங்கும்.

ஆகவே கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் சவாரிக்கு மனைவியை அனுப்புங்கள். "நீ முதலில் போய் வா, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் உண்மையிலேயே விரும்பாவிடில் வற்புறுத்த வேண்டா. கருவுற்றிருப்போர், இதயநோய், முதுகுவலி, கழுத்துவலி உடையோர் விரைவுச் சவாரிகளில் ஏறலாகாது என்ற எச்சரிக்கையையும் மதியுங்கள். ஆனால் கேளாமலே அவள் விருப்பத்தை முடிவு செய்யாதீர்கள். பல ஆண்டுகளாக யாரும் கேளாத கேள்விக்கு விடை வரச் சிறிது நேரமாகும். ஒருமுறை கேட்டு அமையாமல் மறுமுறையும் கேளுங்கள்.

மனைவிமாருக்கும் ஒரு சொல். தந்தையிடம் பிள்ளையை ஒப்படைத்துச் செல்லும்போது, மனத்தையும் பிள்ளையிடமே விட்டுச் செல்லாதீர்கள். அவர் துணியை மாற்றுவது நீங்கள் மாற்றுவதுபோல் இராது. ஊட்டும்போது பாதி சட்டையில் சிந்தும். சிந்தட்டும். அந்த அரைமணி நேரம் தந்தைக்கும் பிள்ளைக்கும் உரியது. காத்திருக்கும் வேளையை வீண் என்று கருதாமல், குழந்தையோடு தரையில் அமர்ந்து, அது சுட்டிக்காட்டும் பறவையையும் பலூனையும் பார்த்து மகிழும் தந்தை பேறு பெற்றவர்.

மூவரும் சேர்ந்து ஏறத்தக்க சவாரிகளும் இல்லாமலில்லை. டிஸ்னிலாந்தில் டம்போ என்னும் பறக்கும் யானைக்கு உயர வரம்பு கிடையாது. பெற்றோர் அருகில் அமர, கைப்பிடியை அசைத்து யானையை மேலும் கீழும் செலுத்துவது பிள்ளையின் வேலை. வீட்டில் எல்லாவற்றுக்கும் பெரியவர் கையை எதிர்பார்க்கும் சிறுவன், இங்கே தந்தையையும் தாயையும் தானே வானில் தூக்கிச் செல்கிறான்! பல நாட்டு உடையணிந்த பொம்மைகள் பாடும் படகுப் பயணம் ஒன்றும் உண்டு. 1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்காக அமைக்கப்பட்டு, 1966-இல் டிஸ்னிலாந்துக்கு வந்தது அது. பூங்காவைச் சுற்றிவரும் ரயிலும், குடை ராட்டினமும் அவ்வாறே. இவற்றில் வேகம் குறைவு. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செல்லும் பெற்றோர்க்குச் சுவை குறைவதில்லை.

குழந்தையின் அச்சத்தையும் மதிக்க வேண்டும். உயர வரம்பு இல்லாத சவாரி எல்லாம் பிள்ளைக்கு ஏற்றது என்று எண்ண வேண்டா. டிஸ்னிலாந்தில் 1955 முதலே உள்ள ஸ்னோ ஒயிட் சவாரியில் இருளும் சூனியக்காரியும் சிறுவரை மருட்டின. 1983-இல் அதன் பெயரிலேயே 'அச்சமூட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தனர். 2021-இல் பெயரையும் முடிவையும் மாற்றி மகிழ்ச்சியூட்டுவதாகத் திருத்தியமைத்தனர். பெரும் நிறுவனமே குழந்தையின் உள்ளத்துக்காகத் தன் கதையை மாற்றுகிறதென்றால், பிள்ளை வாசலில் நின்று "வேண்டாம்" என்று அழும்போது நாம் நம் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாகாதா? "பணம் கொடுத்து வந்தோமே" என்று இழுத்துச் செல்வதால் துணிவு வளராது. பெற்றோர்மேல் உள்ள நம்பிக்கைதான் தேயும்.

குழந்தையின் வயிறும் உறக்கமும் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. காலையில் சென்று, வெயில் ஏறும் முன் இரண்டு மூன்று சவாரிகள் முடித்து, நண்பகலில் நிழலில் உறங்க வைத்து, மாலையில் எஞ்சியதைப் பார்ப்பதே முறை. டிஸ்னி பூங்காக்களில் பாலூட்டவும் துணி மாற்றவும் தனி இடங்கள் உண்டு. நுழைந்தவுடன் அவை எங்கே என்று அறிந்துகொள்ளுங்கள். ஐந்து சவாரிகள் விடுபட்டுப் போயினும், பிள்ளை சிரித்த முகத்தோடு திரும்பினால் அந்நாள் நிறைவான நாளே.

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் தாத்தா பாட்டியரையும் இங்கே நினைவுகூர்தல் தகும். பேரக் குழந்தையைக் கொஞ்சிக் காப்பது அவர்க்கு இன்பமே. அதற்காக அவர்களையே நாள் முழுதும் பெஞ்சுக்கு உரியவராக்கிவிடலாகாது. பொம்மைகள் பாடும் படகில் பாட்டியின் மடியருகே பேத்தி அமரட்டும்; மலைச் சவாரிக்கு மகனும் மருமகளும் மாறி மாறிச் செல்லட்டும்.

"இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் நினைவிருக்கவா போகிறது?" என்று சிலர் கேட்பர். உண்மைதான். அந்த வயதில் கண்டவை வளர்ந்தபின் நினைவில் நிற்பதில்லை. யானையும் படகும் மறைந்து போகும். ஆனால் "நீ போய் வா, நான் இருக்கிறேன்" என்று தாயும் தந்தையும் ஒருவருக்கொருவர் சொல்லும் சொல், பூங்காவோடு முடிவதன்று. அடுக்களையிலும், நோயுற்ற இரவிலும், உறவினர் இல்லத் திருமணத்திலும் அது ஒலிக்க வேண்டும். அச்சொல்லை நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளை, தன் முறைக்குக் காத்திருக்கவும், பிறர் முறையை மதிக்கவும் தானே கற்றுக்கொள்ளும். அடுத்த விடுமுறைக்கு எங்குச் செல்வது என்று திட்டமிடும் இல்லத்தாரே, பையில் என்ன எடுத்து வைப்பது என்று எண்ணுமுன், முதலில் ஏறுவது யார் என்று பேசி முடிவு செய்யுங்கள்.