கண்ணீர்க் கதை அல்ல, சாட்சியம்

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பறித்த ராணுவம், ஆட்களைக் கடத்திக் கண்ணைக் கட்டி ரகசிய முகாம்களில் அடைத்தது. பாஹியா பிளாங்கா நகரில் இருந்த முகாமின் பெயர் ‘சின்னப் பள்ளி’. குழந்தையைப் பிரித்துவிட்டு, 1977 ஜனவரியில் அலிசியா பார்ட்னோய் என்ற பெண்ணை அங்கே கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்து அமெரிக்கா சென்றவர் 1986இல் வெளியிட்ட நூலை அதன் மொழியழகுக்காகப் பலரும் போற்றுகிறார்கள். முகாமில் அவருக்குக் கிடைத்த செருப்புகளில் ஒன்றில் மட்டும் பிளாஸ்டிக் பூ. கண்கட்டின் அடியில், மூக்கோர இடுக்கு வழியே அதைப் பார்க்கிறார். நூலில் மறக்கவே முடியாத இடம் அது. ஆனால் அதே நூலின் பின்னிணைப்பில் காவலர்களின் அடையாளங்களும், அங்கிருந்து காணாமலாக்கப்பட்டவர்களின் விவரங்களும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களைப் புரட்டாதவர் நூலைப் படித்தவர் ஆகமாட்டார்.

பெண்களின் சிறை எழுத்தைக் கண்ணீர்க் கதையாக ஒதுக்கும் மனப்போக்கு நீதியையே தாமதப்படுத்துகிறது. ராணுவ ஆட்சி வீழ்ந்தபின் 1985இல் அதன் தளபதிகள் விசாரிக்கப்பட்டபோதே, தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைப் பெண்கள் சிலர் சொன்னார்கள். அது ‘சித்திரவதை’ என்ற பொதுத் தலைப்புக்குள் கரைந்துபோனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டங்கள் ஏராளமான அதிகாரிகளைத் தப்பவிட்டன. பிழைத்து வந்த பெண்களையோ ஊர் விசாரித்தது: மற்றவர்கள் செத்தார்களே, நீ மட்டும் எப்படித் தப்பினாய்? எஸ்மா என்ற கடற்படைப் பள்ளி முகாமில் அடைபட்டிருந்த ஐந்து பெண்கள், கூடிப் பேசிய பேச்சை 2001இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். இந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டே அவர்கள் பேச வேண்டியிருந்தது.

அதிகாரிகளைத் தப்பவிட்ட அந்தச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல்தான் சொன்னது. பாலியல் வன்கொடுமை தனிக் குற்றமாகத் தண்டிக்கப்பட்டது 2010இல், மார் டெல் பிளாட்டா வழக்கில். எஸ்மா அதிகாரிகள் இருவருக்கு அக்குற்றத்துக்கான தண்டனை 2021இல் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்தத் தாமதத்தை மன்னிக்க முடியாது.

பல ஆண்டு கழித்து எழுதிய நினைவை நம்பலாமா என்று கேட்கிறார்கள். நினைவு பிசகும்தான்; ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப் பார்ப்பதற்குத்தானே விசாரணை? ராணுவம் தன் ஆவணங்களை மறைத்துவிட்ட நாட்டில், பிழைத்தவர்களின் நினைவைத் தள்ளிவிட்டால் லாபம் கொன்றவர்களுக்கே. எந்த நாட்டில் சர்வாதிகாரம் வீழ்ந்தாலும், அமைக்கப்படும் விசாரணை ஆணையம் இந்த எழுத்துகளை முதல் நாளே ஆதாரமாக ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் சம்மதித்தால், பாலியல் கொடுமைக்குத் தனிக் குற்றச்சாட்டு பதிய வேண்டும். சாட்சி சொல்ல வரும் பெண்ணிடம் எப்படிப் பிழைத்தாய் என்று கேட்க நீதிபதி எவரையும் அனுமதிக்கக் கூடாது.