உயிர் பிழைத்தால் போதுமா?

தேனிப் பக்கத்து ஆட்களுக்குப் பயமான பஸ் பயணம் என்றால் போடிமெட்டுதான். 17 கொண்டை ஊசி வளைவுகள்! வடுகபட்டியிலிருந்து மூணாறுக்குக் கிளம்புகிறவர் மேலே போய் இறங்கியதும், "அப்பாடா, பிழைச்சோம்டா சாமி" என்று சொல்லி ஒரு டீயைக் குடிப்பார். அதோடு கதை முடிந்தது.

வெளிநாட்டில் பஸ் கவிழ்ந்து பிழைத்தவனுக்குக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2019 ஜூன் 6. ரம்ஜான் விடுமுறை முடிந்து மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு ஒரு பஸ் வருகிறது. ரஷீதியா மெட்ரோ நிலையத்துக்குப் போகும், பஸ் நுழையக் கூடாத பாதையில் டிரைவர் திருப்பிவிட்டார். உயரமான வண்டிகளைத் தடுக்க அங்கே இரும்புத் தடுப்பு இருந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் பஸ் 94-ல் போனதாக வழக்கில் சொல்லப்பட்டது. தடுப்பு பஸ்ஸின் இடது மேல் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. 17 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் இந்தியர்கள்.

இறந்தவர் குடும்பங்களுக்கு 34 லட்சம் திர்ஹாம் தர வேண்டும் என்று 2019 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதாவது தலைக்கு 2 லட்சம்.

பிழைத்தவர்களில் ஒருவர் 20 வயது இந்திய மாணவர். மூளையில் பலத்த அடி. பல நாள் நினைவே இல்லை. படிப்பும் நின்றுபோனது. அவருக்கு முதலில் கிடைத்த உத்தரவு 10 லட்சம் திர்ஹாம். மேலே போய் வழக்காடி 2023-ல் அது 50 லட்சமானது. நம் பணத்தில் சுமார் 11 கோடி ரூபாய்!

"அடேயப்பா, அதிர்ஷ்டக்காரன்" என்று சொல்லத் தோன்றுகிறதா? காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து, சிகிச்சை, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள், சம்பாதிக்க முடியாமல் போன சம்பளம்... இத்தனையும் மாதாமாதம், ஆயுள் முழுக்க வரும் செலவு. அந்தப் பணமும் நாலு வருஷம் கழித்துத்தான் முடிவானது. அதுவரை மருந்துக் கடைக்காரர் கடன் கொடுப்பாரா?

இதற்குத்தான் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு இருக்கிறது. 2017-ல் திருத்திய விதிப்படி, இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். வரி தனி. விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாக ஊனமானாலும் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் இது கட்டாயமாக இருப்பது யாருக்கு? குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு. பத்தாவது தேறியவருக்கு அந்த அனுமதியே வேண்டாம், அதனால் இந்தக் கட்டாயமும் இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். கொத்தனாராகப் போகிறவர் காப்பீட்டோடு விமானம் ஏறுகிறார். பி.காம். முடித்து அக்கவுண்டன்டாகப் போகிறவர் ஒன்றும் இல்லாமல் ஏறுகிறார். இரும்புத் தடுப்பு பட்டம் பார்த்தா கிழிக்கும்?

வேலைக்கோ படிக்கவோ வெளிநாடு போகும் எல்லோருக்கும் இந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை அவரவரே ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வதுதான் வழி. விபத்து என்று ஆகிவிட்டால் போலீஸ் அறிக்கையும் ஆஸ்பத்திரி சீட்டுகளும் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. பின்னால் தொகையைத் தீர்மானிப்பது அந்தக் காகிதங்கள்தான்.

உயிர் பிழைத்தது பெரிய விஷயம்தான். பிழைத்தவன் பிழைப்பு நடத்தவும் வேண்டுமே!