கல்கத்தா தமிழர் கடைகளும் ‘எங்களைப் பற்றி’ பக்கமும்

ராஷ்பிகாரி அவென்யூ, லேக் மார்க்கெட் பக்கம் காபித்தூளோ அப்பளமோ வாங்க வருகிறவர் முன்பெல்லாம் நேரே கடைக்கு வந்து விடுவார். கடைக்காரரின் சொந்த ஊர் எது, அவருடைய பெண்ணை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார், எந்தக் கிழமை புதுச் சரக்கு இறங்கும் என்பதெல்லாம் வாடிக்கைக்காரருக்கு அத்துப்படி. அறிமுகம் என்ற ஒன்றே தேவைப்படவில்லை.

இன்று நிலைமை அப்படி இல்லை. அந்தப் பேட்டையில் குடியிருந்த பழைய தமிழ்க் குடும்பங்களில் பல சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளோடு போய் விட்டன. புதிதாக வேலைக்கு வருகிற இளைஞர்கள் சால்ட் லேக், நியூ டவுன் என்று வடகிழக்கே தங்குகிறார்கள். இன்னொரு பக்கம், வங்காளிக் குடும்பங்களே இட்லி மாவும் சாம்பார்ப் பொடியும் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கின்றன. இவர்களில் யாருக்கும் கடைக்காரரைத் தெரியாது. செல்பேசியில் தேடுகிறார்கள்; கடையின் இணையதளம் வருகிறது; அதில் ‘எங்களைப் பற்றி’ என்றொரு பக்கம் இருக்கிறது. முன்பணம் அனுப்பலாமா, வேண்டாமா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் நம்மவர் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் வருத்தமாக இருக்கிறது. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’, ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்’, ‘உலகத் தரம் வாய்ந்த சேவை’. மசாலாப் பொடிக் கடை, மின்விசிறிக் கடை, டிராவல்ஸ் ஆபீஸ் எல்லாவற்றிலும் இதே மூன்று வரிகள். இணையதளம் செய்து கொடுக்கும் பையன் ஒரே அச்சை எடுத்து எல்லாருக்கும் வார்த்து விடுகிறான். கடையின் பெயரை மட்டும் மாற்றுகிறான். சில சமயம் அதையும் மாற்ற மறந்து விடுகிறான். படம் போட்டிருக்கிறார்கள், கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் நான்கு பேர் கை குலுக்குகிறார்கள். முறுக்குக் கடைக்கு அவர்கள் யார், உறவா, பங்காளியா?

ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வங்காளத்தில் என்றால் வங்காளி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஊர்ப் பெயர். கீழே, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஒரு கணக்கு. ‘பயணிகளின் மனம் கவர்ந்த நிலையம்’ என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஆனாலும் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்க்கிறவனுக்கு அது போதுமானதாக இருக்கிறது. எந்த ஊர், இறங்குவதா, தூங்குவதா என்று அவன் ஒரு நொடியில் தெரிந்து கொள்கிறான். கடையின் அறிமுகப் பக்கம் செய்ய வேண்டிய வேலையும் ஏறக்குறைய இதுதான்.

வங்காளிகள் காட்டும் வழி

இதற்குப் பாடம் கேட்க நம்மவர் வெகுதூரம் போக வேண்டாம். கல்கத்தாவிலேயே (2001-இல் கொல்கத்தா என்று பெயர் மாறினாலும் நம்மவர் வாயில் கல்கத்தாதான்) தங்களைத் தாங்களே அறிமுகம் செய்து கொள்வதில் கைதேர்ந்த பழைய நிறுவனங்கள் பல இருக்கின்றன.

போபஜாரில் பீம் நாக் மிட்டாய்க் கடை. 1826-இல் தொடங்கியது என்பது அதன் கணக்கு. அங்கே சுவரில் ஒரு பழைய கடிகாரம். குக் அண்டு கெல்வி என்ற ஆங்கிலேயக் கம்பெனி செய்தது. ஆனால் முகப்பில் எண்கள், கம்பெனியின் பெயர் எல்லாம் வங்காள எழுத்தில்! கடைக்கு மிட்டாய் சாப்பிட வந்த கம்பெனித் துரை, இவ்வளவு பெரிய கடையில் ஒரு கடிகாரம் இல்லையே என்று கேட்டதாகவும், கடை ஆட்களுக்கு ஆங்கில எண் வாசிக்கத் தெரியாது என்று பதில் வந்ததாகவும், அதன் பிறகே வங்காள எண்கள் போட்ட கடிகாரம் வந்து சேர்ந்ததாகவும் சொல்கிறார்கள். கதை எப்படியோ, கடிகாரம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ‘நாங்கள் புகழ் பெற்ற கடை’ என்று நூறு வரி எழுதினாலும் இந்த ஒரு கடிகாரத்துக்கு ஈடாகாது.

போரோலின் களிம்பு 1929-இல் கௌர்மோகன் தத்தா தொடங்கியது. குழாயின் மேல் யானைப் படம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ‘யானை மார்க் களிம்பு’ என்று கேட்டு வாங்கினார்கள். 1947 ஆகஸ்டு 15 அன்று அந்த நிறுவனம் ஒரு லட்சம் குழாய்களை இலவசமாகக் கொடுத்ததாகச் சொல்கிறது. தேதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. ‘சமூக அக்கறை உள்ள நிறுவனம்’ என்று அடைமொழி போட்டுக் கொள்ள வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

சுலேகா மையைப் பழைய குமாஸ்தாக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1934-இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ராஜ்ஷாஹியில், மைத்ரா சகோதரர்கள் சுதேசி உணர்ச்சியோடு தொடங்கிய தொழில். 1980-களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது, 2006-இல் மீண்டும் திறந்தது, 2020-இல் பேனா மையை மறுபடி சந்தைக்குக் கொண்டு வந்தது. மூடிக் கிடந்த ஆண்டுகளிலும் ஜாதவ்பூரில் பஸ் நடத்துனர்கள் ‘சுலேகா மோர்’ என்று கூவிக் கொண்டுதான் இருந்தார்கள். தான் மூடிக் கிடந்ததை அந்த நிறுவனம் மறைக்கவில்லை என்பதையும் நம்மவர் கவனிக்க வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் கடை மூடியிருந்தால் அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் நம்மிடம் அதிகம். ஊரடங்குக் காலத்தில் மூடினோம், 2021-இல் இடம் மாறித் திறந்தோம் என்று எழுதினால், பழைய இடத்தில் தேடி ஏமாந்தவர் புது இடத்துக்கு வருவாரே!

‘நாங்கள்தான் முதல்’ என்று சொல்லும் ஆசை பற்றி ஒரு வார்த்தை. பாக்பஜார் நவீன் சந்திர தாஸ் 1868-இல் ரசகுல்லாவைச் செய்தார் என்பது வங்காளத்தின் பெருமை. ஒரிசாக்காரர்கள், அது பூரி ஜகந்நாதர் கோயில் பண்டம் என்றார்கள். 2015 முதல் இரு மாநிலங்களும் மல்லுக்கு நின்றன. வழக்கு வந்து நின்ற இடம் எது தெரியுமா? சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம்! 2017 நவம்பர் 14 அன்று ‘பாங்லார் ரசகுல்லா’வுக்குக் குறியீடு கிடைத்தது, 2019 ஜூலை 29 அன்று ‘ஒடிசா ரசகோலா’வுக்கும் கிடைத்தது. முதலில் செய்தது யார் என்ற சண்டையைப் பதிவகம் தீர்க்கவில்லை. இரண்டும் தனித்தனி ரகம் என்று இரண்டையும் பதிந்து கொண்டது. ரசகுல்லாவுக்கே இந்தக் கதி என்றால், ‘கல்கத்தாவின் முதல் தென்னிந்திய உணவகம்’ என்று போட்டுக் கொள்கிறவர் நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவார்?

அதே தாஸ் குடும்பத்தின் கே.சி. தாஸ் நிறுவனம் 1972-இல் பெங்களூரில் கடை திறந்தது. கல்கத்தாவில் நம்மவர் நிலைமை எதுவோ அதுதான் பெங்களூரில் அவர்கள் நிலைமை. வேற்று மொழிக்காரர் நடுவில் வேற்று ஊர்ப் பண்டம். பண்டத்தைச் சொல்லித்தான் தங்களை அறிமுகம் செய்து கொண்டார்கள், நின்று விட்டார்கள்.

எண்ணில் இருக்கும் உண்மை

‘1950 முதல்’ என்று போடுகிறார்கள். போடலாம், உண்மையானால். பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவான கம்பெனிக்கு 21 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் உண்டு. அதற்குள்ளேயே மாநிலத்தின் இரண்டெழுத்தும், பதிவான ஆண்டின் நான்கு இலக்கமும் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: மேற்கு வங்கத்துக்கு 19, தமிழ்நாட்டுக்கு 33. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு 14 இலக்கம். படிக்கத் தெரிந்தவன் இதையெல்லாம் படித்து விடுகிறான். தாத்தா 1950-இல் தெருவோரம் தொடங்கினார், மகன் 1998-இல் கம்பெனியாகப் பதிந்தார் என்றால் இரண்டையும் எழுதி விடுவது நல்லது. ஒன்றை மட்டும் எழுதி, எண் வேறொன்றைச் சொன்னால் சந்தேகம் வருமா, வராதா?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2014-ஆம் ஆண்டு கம்பெனி விதிகளின்படி, இணையதளம் வைத்திருக்கும் கம்பெனி அதன் முகப்பிலேயே பெயர், பதிவு அலுவலக விலாசம், அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், குறை சொல்ல யாரை அணுகுவது என்ற பெயர் ஆகியவற்றைப் போட வேண்டும். இணையத்தில் விற்கும் நிறுவனங்களுக்கு 2020-இல் வந்த நுகர்வோர் விதிகள் இன்னும் ஒரு படி மேலே: புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக் கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தனி ஆள் நடத்தும் சின்னக் கடைக்குக் கம்பெனி விதி பொருந்தாது. பொருந்தாவிட்டாலும் விலாசம் எழுதக் கை வலிக்காது. விலாசமே இல்லாத ‘எங்களைப் பற்றி’ பக்கங்கள் எத்தனை! லட்சியம் இருக்கிறது, தொலைநோக்கு இருக்கிறது, கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் இல்லை.

‘திருநெல்வேலி இருட்டுக்கடைக்கு ஏது அறிமுகம்? பலகைகூட இல்லாமல் அல்வா விற்கவில்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. விற்கிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே, ஊரே சாட்சியாக நிற்கும் இடத்தில் விற்கிறது. பிழைக்க வந்த ஊரில் நமக்குச் சாட்சி சொல்ல எந்தக் கோயில் இருக்கிறது? மறுபுறம், தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளைப் பாருங்கள். எல்லாருமே கும்பகோணம் என்று எழுதியதில் கும்பகோணம் என்ற சொல்லுக்கே மதிப்புப் போய் விட்டது.

அப்படியானால் எழுத வேண்டியது என்ன? காபித்தூள் கடை என்று வைத்துக் கொள்வோம். கொட்டை எங்கிருந்து வருகிறது, கடையிலேயே வறுக்கிறார்களா, வாரத்தில் எத்தனை நாள், சிக்கரி எவ்வளவு. சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் உறையில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். உறையில் சொல்வதை இணையத்திலும் சொன்னால் என்ன? ‘எங்களிடம் 80-க்கு 20 கலவையும் உண்டு, சிக்கரி இல்லாத தூளும் உண்டு, பாலில்லாமல் குடிப்பவர் இரண்டாவதை வாங்குங்கள்’ என்ற ஒரு வரி, டீ குடித்தே பழகிய வங்காளிக்கு எவ்வளவு உதவி! கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க வாயால் சொல்வது இதைத்தான். எழுதச் சொன்னால் மட்டும் ‘தாரக மந்திர’த்துக்குப் போய் விடுகிறார். படமும் அப்படியே: வறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் முதலாளி வேட்டியோடு நிற்கட்டும், செல்பேசியில் எடுத்தால் போதும்.

வீட்டிலிருந்தபடி முறுக்கும் ஊறுகாயும் செய்து விற்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கணவர் ஆலையிலோ ஆபீசிலோ சம்பளக்காரர். மனைவியின் வருமானம்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அவர்களுக்குக் கடை என்று ஒரு கட்டடம் இல்லை. அந்தப் பக்கம்தான் கடை. எந்த எண்ணெயில் பொரிக்கிறோம், எத்தனை நாள் கெடாது, எந்தப் பகுதிவரை கொண்டு வந்து கொடுப்போம் என்று ஐந்து வரி எழுதினால் கேள்விகள் பாதி குறையும்.

மொழி விஷயத்துக்கு வருவோம். 2025-இல் கல்கத்தா மாநகராட்சி, கடைப் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து இருந்தாக வேண்டும் என்று சொன்னது. மற்ற மொழிகளையும் சேர்த்துக் கொள்ளலாம். சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்க இதில் ஒன்றும் இல்லை. வாடிக்கைக்காரன் மொழியில் பேசுவதுதான் வியாபாரம். பலகையோடு நிறுத்தாமல் ‘ஆமாதேர் கொத்தா’ என்ற தலைப்பில் வங்காளத்திலும் அந்தப் பக்கத்தை எழுதி வைக்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றி விடாமல், பக்கத்து வீட்டு வங்காளி ஆசிரியரிடம் ஒரு தட்டு வடையோடு கொடுத்தால் சந்தோஷமாகத் திருத்திக் கொடுப்பார். தமிழிலும் ஒரு பத்தி இருக்கட்டும். புதிதாக ஊருக்கு வந்து, நியூ டவுன் அறையில் தனியாக இருக்கும் பையன் அதைப் பார்த்து விட்டு ஒரு மணி நேரம் பஸ் ஏறி வருவான்.

எழுதிய பிறகு அப்படியே விட்டு விடுவதும் கூடாது. தொலைபேசி எண் மாறியிருக்கும், பக்கத்தில் பழைய எண். துர்கா பூஜைக்கு நான்கு நாள் கடை திறக்குமா, திறக்காதா என்று அறிவிப்பு இருக்காது. இதற்கெல்லாம் மாதம் ஒரு முறை பத்து நிமிஷம் போதும்.

கடைசியாக ஒன்று. இணைய விலாசம் சொந்தமாக வாங்கிய நிலம் அல்ல, குத்தகை. ஆண்டுக் கணக்கில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பல கடைகளில் அது முதலாளி பெயரில் இல்லை, தளம் செய்து கொடுத்த பையன் பெயரில் இருக்கிறது. அவன் வேலை கிடைத்து ஐதராபாத் போய் விட்டால், கெடு தாண்டியதும் கடையின் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொள்ளலாம். யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மாதம் கெடு முடிகிறது என்பதைக் கடைக்காரர்கள் இந்த வாரமே கேட்டுக் கணக்கு நோட்டில் குறித்து வைத்துக் கொள்ளட்டும்.