மொழி கற்கும் காலமும் பணிக்காலமே

பயிற்சி முடிந்துவிட்டது. மெய்யியலும் இறையியலும் கற்று, மறைபரப்புப் பணிக்கான தயாரிப்பையும் நிறைவுசெய்த ஓர் இளம் குரு கொரிய நாட்டிற்கு அனுப்பப்படுகிறார். போய்ச் சேர்ந்ததும் பணியில் இறங்கிவிடலாம் என்ற ஆவல் அவருக்கு. ஆனால் அவருக்காகக் காத்திருப்பது பங்கு அல்ல, வகுப்பறை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் அங்கே மாணவர். 'இவ்வளவு செலவு செய்து அனுப்பியவரை இரண்டு வருடம் சும்மா இருத்தி வைப்பதா?' என்று பொறுப்பிலுள்ளோர் கேட்கின்றனர். நிதி உதவுவோர் கேட்கின்றனர். சில வேளைகளில் அந்தக் குருவே கேட்கிறார். அந்த இரண்டு ஆண்டுகளும் பணிக்கு முந்திய காத்திருப்பு அல்ல, பணியின் முதற்பகுதியே என்பது எமது கருத்து.

கொரிய மொழியின் எழுத்து மிக எளிது. 1443இல் சேஜோங் மன்னர் உருவாக்கி 1446இல் வெளியிட்ட அந்த நெடுங்கணக்கில் இன்று அடிப்படை எழுத்துக்கள் 24 மட்டுமே. சில நாட்களில் வாசிக்கப் பழகிவிடலாம். தமிழருக்கு இன்னுமொரு வசதி உண்டு. 'நா-நுன் சிபே காயோ' என்றால் 'நான் வீட்டுக்குப் போகிறேன்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை, வேற்றுமை உருபு பெயரின் பின்னால், வினை இறுதியில். தந்தையை அவர்களும் 'அப்பா' என்றே அழைக்கின்றனர். ஹோமர் ஹல்பேர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இவை உறவு மொழிகள் என்பதை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஆயினும் கற்பவருக்கு இந்த ஒற்றுமை ஓர் ஊன்றுகோல்.

இந்த எளிமையிலேதான் ஆபத்தும் இருக்கிறது. எழுத்தைக் கற்றவர் ஒரு சில மாதங்களில் திருப்பலியை நூலைப் பார்த்து வாசித்துவிடலாம். மக்களும் பதிலுரைப்பர். மொழி வந்துவிட்டது என்று அவரும் நினைப்பார், மேலிடமும் நினைக்கும். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒரு மூதாட்டி தாழ்ந்த குரலில் சொல்வதை எந்த நூலைப் பார்த்து விளங்கிக்கொள்வது? மொழிபெயர்ப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு மனம் திறக்க எவர் விரும்புவார்?

நிலா, முகமூடி, மகள் ஆகிய மூன்றையும் குறிக்கும் கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'தால்' என்றே வரும். முதல் ஒலியின் மென்மை, மூச்சு, இறுக்கம் ஆகியவற்றில்தான் பொருள் மாறுகிறது. மணியைச் சொல்ல ஒருவகை எண், நிமிடத்தைச் சொல்ல வேறுவகை எண். சோறு சாதாரணமாக 'பாப்'. பெரியவர் உண்ணும்போது அதுவே 'சின்ஜி'. எதிரே இருப்பவரின் வயதும் நிலையும் அறியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாது. கொரிய மொழியைக் கற்பதென்றால் யாருக்கு எவ்வாறு மரியாதை செய்வது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். மேடையேறிப் போதித்துப் பழகியவரை அங்கே ஒரு சிறுவன் திருத்துகிறான், கடைக்காரப் பெண் திருத்துகிறாள். கொடுப்பதற்கென்று வந்தவர் முதன்முறையாகக் கேட்டுப் பெறுபவராகிறார். எந்தக் குருமடமும் தர முடியாத பயிற்சி இது.

கொரியத் திருச்சபையின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. அங்கே விசுவாசம் வேரூன்றியது வெளிநாட்டு மறைபரப்பாளரால் அல்ல. நூல்கள் வழியாகத் தேடலில் இறங்கிய பொதுநிலையினருள் ஒருவரான யி சுங்-ஹுன் 1784இல் பீக்கிங் நகரில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். 1801இல் மறைசாட்சியான சோங் யாக்-சோங், படிப்பறிவு குறைந்தோரும் விளங்கிக்கொள்ளும்படி மறைக்கல்வி நூலொன்றைக் கொரிய எழுத்திலேயே எழுதினார். 1836இல் பிரெஞ்சுக் குரு மோபான் இரகசியமாக நாட்டினுள் நுழைந்தபோது, அங்கே அவருக்கு முன்பே ஒரு திருச்சபை இருந்தது. அக்குருக்கள் முகத்தை மறைக்கும் பெரிய தொப்பியுடன் துக்கம் காப்போரின் உடையில் நடமாடினர். துக்கத்தில் இருப்பவரிடம் எவரும் பேச்சுக் கொடுப்பதில்லை. மோபான் 1839இல் கொல்லப்பட்டார். பள்ளியுமின்றி அகராதியுமின்றி அக்குருக்கள் பட்ட பாடு வீண்போகவில்லை. 1880இல் யோக்கோகாமாவில் கொரிய-பிரெஞ்சு அகராதி அச்சேறியது.

அபிவிருத்திப் பணியாளர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960 மே முதலாம் நாள் பூசான் நகரில் 27 பேருடன் கொரியாவின் முதலாவது கடன் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தவர் மேரிநோல் சபை அருட்சகோதரி கேப்ரியெல்லா. அவர் முதன்முதலாகக் கொரியா சென்றது 1926இல். பேச்சு விளங்காத ஒருவரை நம்பி ஏழைகள் தம் சேமிப்பை ஒப்படைப்பார்களா? 1954இல் செஜுத் தீவின் ஹல்லிம் ஊருக்குச் சென்ற அயர்லாந்துக் குரு மக்கிளிஞ்சி, பன்றி வளர்ப்பில் தொடங்கி 1961இல் புனித இசிதோர் பண்ணையை உருவாக்கினார். 2018இல் இறக்கும்வரை அத்தீவே அவரது ஊர். அங்கே பேசப்படுவது தலைநகரின் மொழியன்று. அழியும் ஆபத்து மிகுந்த மொழியென 2010இல் யுனெஸ்கோ பதிவுசெய்த தனிப் பேச்சு. 1948 ஏப்ரலில் தொடங்கிய வன்செயல்களில் பல்லாயிரம் பேரை இழந்து, பல பத்தாண்டுகள் அதைப்பற்றி வாய்திறக்க முடியாதிருந்த மக்கள் அவர்கள். அவர்களிடையே வாழ்பவர் சொற்களோடு மௌனத்தையும் கற்க வேண்டும்.

தேவை அவசரமானது, மொழிபெயர்ப்பாளர் போதும் என்று சிலர் வாதிடலாம். கிராமக் கூட்டங்களில் நாம் கண்டதைச் சொல்கிறோம். ஒரு தாய் கண் கலங்க ஐந்து நிமிடம் பேசுவார். மொழிபெயர்ப்பவரோ 'சம்மதமாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்த ஒரு சொல்லை நம்பிச் செயற்றிட்டம் எழுதப்படும்.

ஆகவே எமது வேண்டுகோள் இவை: மொழி கற்கும் காலத்தில் நிர்வாகப் பொறுப்பு எதனையும் சுமத்தாதீர்கள். பள்ளி முடிந்ததும் உடனே பங்கை ஒப்படைக்காமல், சிறிது காலம் கிராமத்து முதியோரிடையே வாழ விடுங்கள். 1965இன் வத்திக்கான் சங்க ஏடு மறைபரப்பாளரிடம் எதிர்பார்ப்பது அரைகுறைப் பேச்சையன்று. சரளமும் நயமும் உள்ள பேச்சை.

இன்று கொரியா தானே மறைபரப்பாளரை அனுப்பும் நாடு. ஆயினும் 2004 முதல் இரு அரசுகளின் உடன்பாட்டின்கீழ் எம் நாட்டு இளைஞர் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடிக்கும் அங்கு செல்கின்றனர். செல்லுமுன் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியெய்த வேண்டும். வயலும் தோணியும் தவிர வேறறியாத பிள்ளைகள் இராவிராவாக அந்த எழுத்துக்களை எழுதிப் பழகுகின்றனர். கூலிக்குப் போகிறவன் மொழி கற்றே போகிறான். நற்செய்தியோடு போகிறவர் அதைவிடக் குறைவாகக் கற்றுப் போகலாமா?