மருந்து திருவனந்தபுரத்தில், காய்ச்சல் தென்காசியில்

தென்காசிப் பக்கத்துப் புற்றுநோயாளிகள் பலருக்கு இரண்டே வழிதான்: திருநெல்வேலி அரசு மருத்துவமனை, இல்லாவிட்டால் செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டி திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்.சி.சி.). மருந்தை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிடுகிறார்கள். தொல்லை தொடங்குவது அதற்குப் பிறகு, வீட்டில்.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஹெர்2 புரதம் மிகுந்திருக்கும். அவர்களுக்கான டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2013இல் பயோகான் நிறுவனத்தின் இந்தியத் தயாரிப்புக்கும் அனுமதி கிடைத்தது. குறிவைத்துத் தாக்கும் மருந்து, ஆகவே உடம்பை வாட்டாது என்று பலர் நம்புகிறார்கள். தனியாகக் கொடுத்தால் அது ஓரளவு சரி. ஆனால் பெரும்பாலும் அது பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்தோடு சேர்ந்தே வருகிறது. முடி கொட்டுவதும் விரல் மரத்துப்போவதும் வெள்ளையணுக்கள் குறைவதும் கீமோவின் வேலை. முதல் முறை ஏற்றும்போது வரும் குளிர்நடுக்கம் டிராஸ்டுசுமாபின் வேலை.

இதயம்தான் முக்கியம். 2001இல் வெளியான ஆய்வில், டாக்சோரூபிசின் வகைக் கீமோ மருந்தோடு டிராஸ்டுசுமாபைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு இதயச் செயல்பாடு குறைந்தது. பாக்லிடாக்சலோடு கொடுத்தபோது 13 சதவீதம். அதனால் முதல் ஜோடியை இப்போது பொதுவாக ஒரே நேரத்தில் கொடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதய எக்கோ பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். கால் வீங்கினாலோ படுத்தால் மூச்சு வாங்கினாலோ அடுத்த எக்கோ வரை காத்திருக்கக் கூடாது. உரிய நேரத்தில் மருந்தை நிறுத்தினால் பலருக்கு இதயம் தேறிவிடுகிறது.

அதைவிட அவசரம் காய்ச்சல். ஒவ்வொரு முறை கீமோ ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருப்பது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

சாரல் காலத்தில் குற்றால அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், நோயைப் போக்கும் என்று அழைத்துப்போகிற உறவினர்களும் உண்டு. அன்பு புரிகிறது, ஆனால் அந்தக் கூட்டமும் தண்ணீரும் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்கு ஆகாது. கடைத்தெரு மூலிகைப் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்றாண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையம் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. தென்காசி அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை மருந்து ஏற்றும் மருத்துவமனை தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கட்டும். அதைக் காட்டுகிறவரை மாவட்டத் தலைமை மருத்துவமனை வரிசையில் நிறுத்தாமல் நேராக அவசரப் பிரிவில் சேர்க்கட்டும்.